‘ரா’வை உருவாக்கிய காவ்: பெரியப்பாவிடம் கேட்க முடியாததை இங்கே கேட்கிறேன்

நங்கநல்லூர்க்காரன்:
என் பெரியப்பாவுக்கு 84 வயது. மத்திய அரசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்ன வேலை என்று யார் கேட்டாலும் “டெல்லில ஆபீஸ்” என்பதோடு முடித்துக்கொள்வார். ஆயுள் சான்றிதழ் விஷயமாகப் போன மாதம் அவருடைய பென்ஷன் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். துறை என்ற இடத்தில் “கேபினட் செக்ரடேரியட்” என்று மட்டும் இருந்தது. சரி, ஏதோ ஃபைல் வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

பொங்கல் அன்று எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். டிவியில் வெளிநாட்டு உளவு பார்க்கும் ‘ரா’ அமைப்பு பற்றி என்னவோ ஓடியது. சித்தப்பா, “அந்த காவ் ஆரம்பிச்சு வெச்ச வேலைதான் ஈழத்தையே கெடுத்துச்சு” என்றார். பெரியப்பா கையில் இருந்த உருண்டையை இலையில் வைத்துவிட்டு, “காவ் சாப் பத்தி உனக்கு என்னடா தெரியும்?” என்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அடுத்த நிமிடம் “ரசம் ஊத்து” என்று சொல்லிவிட்டார்.

அவரிடம் இனி கேட்க முடியாது. யார் இந்த காவ்? சித்தப்பா சொன்னது சரியா?

சும்மா_ஒரு_ஆள்:
கேபினட் செக்ரடேரியட் என்று போட்டிருந்தால் பெரியப்பா ஜேம்ஸ் பாண்டுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அங்கே நிஜமாகவே ஃபைல் தள்ளி, கேன்டீன் கணக்கு எழுதி ரிட்டையர் ஆனவர்களும் உண்டு. ஆனாலும் “காவ் சாப்” என்று வாய் தவறி வந்தது கொஞ்சம் இடிக்கிறது.

பழையபுத்தகம்:
திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோடு பிளாட்பாரத்தில் பொறுக்கிச் சேர்த்த புத்தகங்களை வைத்துக்கொண்டு இந்த மனிதரைப் பற்றி இருபது வருடமாகப் படித்து வருகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராமேஸ்வர் நாத் காவ் 1918 மே 10 அன்று காசியில், காஷ்மீரி பண்டிட் குடும்பத்தில் பிறந்தவர். அலகாபாத் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் முதுகலை. 1940-ல் போலீஸ் பணியில் சேர்ந்து கான்பூரில் உதவிக் கண்காணிப்பாளராகத் தொடங்கினார். சுதந்திரத்தின்போது உளவுத்துறைக்கு, அதாவது ஐ.பி.க்கு வந்தார். நேரு போன்ற பெரிய தலைவர்களின் பாதுகாப்பு அவர் பொறுப்பில் இருந்தது.

அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது 1955-ல் நடந்த ஒரு விமான வழக்கு. இந்தோனேசியாவில் நடக்கவிருந்த பாண்டுங் மாநாட்டுக்காக ஹாங்காங்கில் இருந்து ஜகார்த்தாவுக்கு ஏர் இந்தியாவின் ‘காஷ்மீர் பிரின்சஸ்’ விமானத்தைச் சீன அரசு வாடகைக்கு எடுத்திருந்தது. அதில் போக வேண்டியவர் சீனப் பிரதமர் சூ என்லாய். அவர் ஏறவில்லை. ஏப்ரல் 11 அன்று நடுவானில் குண்டு வெடித்தது. விமானி கடலில் இறக்கப் பார்த்தும் முடியவில்லை. 19 பேரில் 3 பேர்தான் பிழைத்தார்கள். ஹாங்காங் விமான நிலையத்தில் துப்புரவு வேலை பார்த்த ஓர் ஆள்தான் குண்டை வைத்தான் என்று தெரியவந்தது. பிடிப்பதற்குள் அவன் தைவானுக்குத் தப்பிவிட்டான்.

இந்தியா சார்பில் விசாரிக்கப் போனவர் காவ். சீனா, பிரிட்டன், இந்தோனேசியா என்று ஒருவரை ஒருவர் நம்பாத கூட்டத்துக்கு நடுவே நின்று வேலையை முடித்தார். சூ என்லாய் தன் சொந்த முத்திரை ஒன்றை அவருக்குப் பரிசாகக் கொடுத்தார் என்பார்கள். விமானம் வெடித்தபோது காவுக்கு 37 வயதுகூட ஆகவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் கானாவுக்குப் போய் என்க்ரூமா அரசுக்கு ஓர் உளவு அமைப்பை நிறுவிக் கொடுத்தார். ஆக, சொந்த நாட்டுக்குக் கட்டுவதற்குப் பல வருடங்கள் முன்பே அடுத்த நாட்டில் ஒத்திகை பார்த்துவிட்டார்!

பிறகு 1962-ல் சீனாவிடம் வாங்கிய அடி. அடுத்த வருடம் வான்வழி உளவுக்கென்று ஏ.ஆர்.சி. தொடங்கப்பட்டு, அதற்கும் காவ்தான் முதல் தலைவர். 1965 போரில் பாகிஸ்தானிடம் எவ்வளவு குண்டு மிச்சம் இருக்கிறது என்பதைக்கூட ஐ.பி.யால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று ராணுவத்துக்குக் கோபம். உள்நாடு, வெளிநாடு இரண்டையும் ஒரே அலுவலகம் பார்த்தது போதும் என்று இந்திரா காந்தி முடிவெடுத்தார். 1968 செப்டம்பர் 21 அன்று ‘ரா’ பிறந்தது. ஐ.பி.யில் இருந்து பிரித்தெடுத்த சுமார் 250 பேர், ஆண்டுக்கு 2 கோடி ரூபாய். கூட நின்றவர் மலையாளியான சங்கரன் நாயர்.

அதன் பெயரைப் பாருங்கள், ‘ஆராய்ச்சி மற்றும் பகுப்பாய்வுப் பிரிவு’. ஏதோ பருத்தி விதை ஆராய்ச்சி நிலையம் மாதிரி! கேபினட் செக்ரடேரியட்டுக்குள் ஒரு ‘பிரிவு’, அவ்வளவுதான். உங்கள் பெரியப்பா பென்ஷன் புத்தகத்தில் அப்படிப் போட்டிருப்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

கேள்விக்குறி:
அந்தப் பெயரில்தான் விஷயமே இருக்கிறது, பழையபுத்தகம் சார். நான் வக்கீல் என்பதால் கண் அங்கேதான் போகிறது. பிரிவு என்று வைத்துவிட்டால் தனிச் சட்டம் வேண்டாம். நாடாளுமன்றத்தில் மசோதா வேண்டாம். இன்றுவரை ‘ரா’வுக்கென்று ஒரு சட்டம் கிடையாது. 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தபோதும் 24-வது பிரிவின்படி இரண்டாம் அட்டவணையில் போட்டு வெளியே நிறுத்திவிட்டார்கள். ஒரு ரேஷன் கடைக்காரரை நான் கேள்வி கேட்க முடியும், இவர்களைக் கேட்க முடியாது. காவ் நல்லவராக இருந்திருக்கலாம். அடுத்து வருகிறவர் எப்படி இருப்பார் என்பதற்கு அவர் எந்த ஏற்பாட்டையும் விட்டுவிட்டுப் போகவில்லையே.

பழையபுத்தகம்:
ஏற்பாடு செய்ய வேண்டியது நாடாளுமன்றம் அம்மா, அதிகாரி இல்லை.

கேள்விக்குறி:
ஒன்பது வருடம் தொடர்ந்து தலைமைப் பொறுப்பில் இருந்தார், பிரதமர் பக்கத்திலேயே இருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எமர்ஜென்சி வந்தபோது ‘ரா’ மீதும் சந்தேகம் விழுந்ததற்கு இதுதான் காரணம். வெளியில் இருந்து பார்க்க ஜன்னலே இல்லாத வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று ஊர் பேசத்தானே செய்யும்? 1977-ல் மொரார்ஜி வந்ததும் காவ் போனார். அடுத்து வந்த சங்கரன் நாயரும் பதவியின் அந்தஸ்தைக் குறைத்ததால் சில மாதங்களிலேயே விலகினார். சட்டத்தின் மேல் நின்ற அமைப்பாக இருந்தால் ஒரு தேர்தல் முடிவு அதை இப்படி ஆட்டியிருக்காது.

மதராஸ்போலீஸ்பேரன்:
எல்லோரும் காவிலேயே நிற்கிறீர்கள். நம்ம ஊர் ஆள் ஒருவரை மறந்துவிட்டீர்கள். சுதந்திர இந்தியாவில் ஐ.பி.யின் முதல் இந்திய இயக்குநர் டி.ஜி. சஞ்சீவி பிள்ளை. மதராஸ் மாகாண போலீசில் இருந்து டெல்லி போனவர். 1947-ல் பொறுப்பேற்று 1950 வரை இருந்தார். அவருக்குப் பின் வந்த முல்லிக் நேரு காலம் முழுக்க இருந்ததால், எல்லோருக்கும் முல்லிக்தான் ஞாபகம்.

சஞ்சீவிக்கு வாய்த்த நாற்காலி எப்படிப்பட்டது தெரியுமா? வெள்ளைக்காரன் போகும்போது முக்கியமான ஃபைல்களை எரித்தும் எடுத்தும் போய்விட்டான், பாகிஸ்தானுக்குப் போன அதிகாரிகள் அவர்கள் பங்கைக் கொண்டுபோனார்கள், மிச்சம் இருந்தது காலி பீரோக்கள் என்று என் தாத்தா தலைமுறை போலீஸ்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். சுதந்திரம் வந்து ஆறு மாதம் ஆவதற்குள் காந்தி கொலை. ஜனவரி 20 அன்று பிர்லா மாளிகையில் குண்டு வெடித்து ஒருவன் பிடிபட்டான். அடுத்த பத்து நாளில் டெல்லி போலீசுக்கும் பம்பாய் போலீசுக்கும் தகவல் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. டெல்லி போலீஸ் தலைமையும் அப்போது சஞ்சீவியிடமே கூடுதலாக இருந்தது. பிற்பாடு கபூர் கமிஷன் இதை நாள் நாளாகப் பிரித்து மேய்ந்தது.

காவ் 1968-ல் தொடங்கியபோது ஆளைத் தேர்ந்தெடுக்க முடிந்தது, பிரதமரின் முழு ஆதரவு இருந்தது, சாவகாசமும் இருந்தது. சஞ்சீவிக்கு இதில் எதுவும் இல்லை. ‘முதல் இயக்குநர்’ என்று பேசும்போது அவரையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழையபுத்தகம்:
ஒப்புக்கொள்கிறேன். என் அலமாரியில் சஞ்சீவிக்கென்று ஒரு புத்தகம்கூட இல்லை. வெட்கமாக இருக்கிறது.

ரங்கநாதன்தெரு:
எல்லாம் சரி. நங்கநல்லூர்க்காரர் கேட்டது ஈழம். யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

1982 மே 19. எங்கள் அப்பாவுக்குப் பாண்டி பஜாரில் பாத்திரக்கடை. எனக்கு ஒன்பது வயது. ராத்திரி கடை கட்டும் நேரம், கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன். பட் பட் என்று சத்தம். பட்டாசு என்றுதான் நினைத்தேன். அப்பா என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அந்தப் பாதி இடைவெளி வழியாக ரோட்டில் ஓடும் கால்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு எவர்சில்வர் தூக்கு கீழே விழுந்து உருண்டு நின்றது. அதை எடுக்கக்கூட யாரும் நகரவில்லை. புலிகளின் பிரபாகரனும் புளொட் இயக்கத்தின் உமா மகேஸ்வரனும் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டார்கள் என்று மறுநாள் பேப்பர் பார்த்துத்தான் தெரியும்.

அதற்கு அடுத்த வருடம் இலங்கையில் ஜூலைக் கலவரம். பிறகு இந்த இயக்கப் பையன்களுக்கு டேராடூன் பக்கம் பயிற்சி, தமிழ்நாட்டில் முகாம், கையில் பணம். கோடம்பாக்கம், சாலிகிராமம் எங்கும் வாடகை வீடு. 1984 ஆகஸ்டில் மீனம்பாக்கத்தில் குண்டு, முப்பதுக்கும் மேல் சாவு. 1986 தீபாவளி அன்று சூளைமேட்டில் துப்பாக்கிச்சூடு. 1990-ல் கோடம்பாக்கத்தில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவும் கூட இருந்தவர்களும் கொலை. அடுத்த வருடம் ஸ்ரீபெரும்புதூர். காவ் 1981-ல் இருந்து மறுபடி இந்திராவின் ஆலோசகர். பயிற்சி தொடங்கியபோது அவர் அங்கே இல்லையா? சித்தப்பா சொன்னதில் என்ன தப்பு?

பழையபுத்தகம்:
வருடத்தைப் பாருங்கள். இந்திரா 1984 அக்டோபர் 31-ல் கொல்லப்பட்டார். அதோடு காவின் காலமும் முடிந்தது. நீங்கள் சொன்னதில் கடைசி மூன்றும் அதற்குப் பிறகு நடந்தவை. எடுத்த முடிவு அரசியல் முடிவு. எம்.ஜி.ஆரும் கருணாநிதியும் ஆளுக்கொரு இயக்கத்தைத் தாங்கினார்கள். அதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

வங்காளதேசத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். 1970 டிசம்பர் தேர்தலில் கிழக்கு பாகிஸ்தானுக்கு இருந்த 162 பொதுத் தொகுதிகளில் 160-ஐ அவாமி லீக் ஜெயித்திருந்தது. ஒரே கட்சி, ஒரே தலைவர், பின்னால் நாடுகடந்த அரசு. காவ் ஆயுதம் கொடுத்தது அப்படி ஒரு மக்கள் தீர்ப்பின் பின்னால் நின்றவர்களுக்கு. ஈழத்தில் புலிகள், டெலோ, ஈ.பி.ஆர்.எல்.எஃப்., ஈரோஸ், புளொட் என்று ஐந்து கை. ஐந்துக்கும் தனித்தனியாகக் கொடுத்தார்கள். ஒன்றை ஒன்று தின்றது.

கேள்விக்குறி:
அழகாகச் சொன்னீர்கள், ஆனால் 1971-ஐக் கொஞ்சம் வெள்ளையடித்துவிட்டீர்கள். முக்தி பாஹினி என்ற விடுதலைப் படை மட்டுமா இருந்தது? முஜிப் பாஹினி என்று இன்னொரு படையையும் தனியாகப் பயிற்றுவித்தார்களே. அது வங்காளதேசத்தின் நாடுகடந்த அரசுக்குக் கட்டுப்படவில்லை. பிரதமர் தாஜுத்தீன் அகமதுக்கு அதில் கடும் வருத்தம். ஒரே போராட்டத்தில் இரண்டு குதிரைக்கும் புல் போடும் பழக்கம் அப்போதே இருந்தது. 1971-ல் ஜெயித்துவிட்டதால் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. அதே பழக்கம் 1983-ல் நம் தெருவுக்கு வந்தபோதுதான் ரங்கநாதன்தெரு சாரின் அப்பா ஷட்டரை இறக்க வேண்டியதாயிற்று.

பழையபுத்தகம்:
பாண்டி பஜார் 1982. பயிற்சி 1983. ஷட்டரை அதற்கு முன்பே இறக்கியாகிவிட்டது.

மற்றது… சரி. முஜிப் பாஹினி விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை.

ரங்கநாதன்தெரு:
பதில் இல்லை என்று சொன்னதற்கே நன்றி சார். இந்த மாதிரி இழைகளில் அது லேசில் கிடைக்காது.

சும்மா_ஒரு_ஆள்:
சூடு கொஞ்சம் தணியட்டும். காவ் வெற்றிலை வியாபாரி வேஷத்தில் டாக்கா போய் வங்காளதேசத் தலைவர் முஜிபுர் ரஹ்மானை எச்சரித்த கதையை யாராவது சொல்லுங்களேன். கும்பகோணம் கொழுந்து வெற்றிலையா என்ன?

பழையபுத்தகம்:
வேஷம் பற்றி எனக்கு நம்பிக்கை இல்லை. ஆறடிக்குக் குறையாத, எடுப்பான காஷ்மீரி எந்த வெற்றிலைக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாலும் டாக்காவில் நாலு பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள். ஆனால் போனது உண்மை. காவ் தன் வாழ்நாளில் வெளிப்படையாக எழுதியது மிகக் குறைவு. அதில் ஒன்று 1989-ல் ஒரு வார இதழுக்கு எழுதிய விளக்கம். 1974 டிசம்பரில் தானே நேரில் போய், ராணுவத்துக்குள் சதி நடக்கிறது என்று முஜிபிடம் சொன்னதாகவும், அவர்கள் என் பிள்ளைகள், எனக்கு ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று முஜிப் ஒதுக்கிவிட்டதாகவும் அதில் சொல்லியிருந்தார். அடுத்த ஆண்டு மார்ச்சில் இன்னொரு அதிகாரியையும் அனுப்பினார். ஆகஸ்ட் 15 அன்று குடும்பத்தோடு கொன்றுவிட்டார்கள்.

இன்னொன்று, காவின் பழைய சகாக்கள் சொன்னது. 1971 டிசம்பர் 1 அன்று பாகிஸ்தான் விமானத் தாக்குதல் நடத்தும் என்று உள்ளே இருந்த ஓர் ஆளிடமிருந்து தகவல். விமானப்படை உச்ச எச்சரிக்கையில் நின்றது. 1-ஆம் தேதி ஒன்றும் நடக்கவில்லை. 2-ஆம் தேதியும் இல்லை. விமானிகளை எத்தனை நாள் இப்படி விறைப்பாக உட்கார வைக்க முடியும்? எச்சரிக்கையை விலக்கலாமா என்று கேட்டபோது, இன்னும் ஒரு நாள் பொறுங்கள் என்றார் காவ். 3-ஆம் தேதி சாயங்காலம் குண்டு விழுந்தது. இதில் எனக்குப் பிடித்தது அந்த நடு நாள்தான். அந்த 2-ஆம் தேதி ராத்திரி மனிதர் தூங்கியிருப்பாரா?

மதராஸ்போலீஸ்பேரன்:
நம் ஊர் தொடர்பு இன்னொன்று. ‘ரா’வில் தொடக்கத்தில் இருந்தே பணிபுரிந்த பி. ராமன் 1994-ல் ஓய்வு பெற்ற பிறகு சென்னையில்தான் வாழ்ந்தார். 2013-ல் காலமானார். காவைப் பற்றி வெளியுலகுக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவர் எழுதியதுதான். குருவை மதித்தார், ஆனால் அமைப்பின் ஓட்டைகளையும் மறைக்காமல் எழுதினார். எமர்ஜென்சி பற்றியும்தான். கேள்விக்குறி மேடம் படித்தால் பாதிக்குப் பாதி உடன்படுவார்.

கேள்விக்குறி:
படித்திருக்கிறேன். பாதிக்குப் பாதி என்பது சரியான கணக்கு.

சும்மா_ஒரு_ஆள்:
ஓய்வுக்குப் பிறகு காவ் என்ன செய்தார்? டிவி விவாதத்தில் உட்கார்ந்தாரா?

பழையபுத்தகம்:
சிலை செய்தார். நிஜமாகத்தான் சொல்கிறேன். குதிரைகள். அதில் நல்ல கைத்தேர்ச்சி உள்ளவர். பேட்டி, சுயசரிதை என்று கிளம்பவில்லை. கடைசிக் காலத்தில் தன் நினைவுகளை ஒலிநாடாவில் பேசிப் பதிந்து, பல வருடம் கழித்துத்தான் திறக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு டெல்லி நேரு நினைவு நூலகத்தில் ஒப்படைத்தார். 2002 ஜனவரி 20 அன்று டெல்லியில் இறந்தார்.

நங்கநல்லூர்க்காரன்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் ஒரு காரியம் செய்தேன். இந்த இழையை மொபைலில் இருந்து பெரியப்பாவுக்கு முழுவதுமாக வாசித்துக் காட்டினேன். ஈஸிசேரில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று இரண்டு முறை நிறுத்தினேன். “படி” என்றார்.

வெற்றிலை வியாபாரி வந்ததும் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு. குதிரைச் சிலை என்று படித்தபோது கண்ணைத் திறந்து, “மரத்துலன்னு போட்டிருக்கா, களிமண்ணுன்னா?” என்று கேட்டார். ஒன்றும் போடவில்லை பெரியப்பா என்றேன். ம் என்று மறுபடி மூடிக்கொண்டார். சட்டம் இல்லை, நாடாளுமன்றம் இல்லை என்று கேள்விக்குறி எழுதியதற்கும் ஒரு ம். அது ஆமாம் என்ற ம்-மா, இல்லை என்ற ம்-மா என்று எனக்குப் பிடிபடவில்லை.

முடித்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அந்தப் பாத்திரக்கடைக்காரர் இருக்காரா?” என்று கேட்டார். ரங்கநாதன்தெரு சார், உங்களிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார்.

ரங்கநாதன்தெரு:
அப்பா 2009-ல் போய்விட்டார். கடையைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். ஏன் கேட்டார் என்று தெரிந்துகொள்ளலாமா?

நங்கநல்லூர்க்காரன்:
கேட்டேன் சார். மோர் கொண்டு வரச் சொன்னார்.